சிக்னல் எட்டுகிறது, திருத்தம் எட்டுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். மலையேறுகிறவர்கள், கடலோடிகள், காட்டில் கணக்கெடுக்கப் போகிறவர்கள் என்று கையடக்க ஜிபிஎஸ் வைத்திருக்கிற பலரும் கேட்கிற கேள்வி இது: கருவியின் அமைப்புகளில் 'வாஸ்/எக்னாஸ்' என்று, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் சேவை ஒன்று இருக்கிறதே, அந்தச் சேவைக்கு உரிய பகுதியைத் தாண்டிப் போனாலும் அதைப் போட்டே வைக்கலாமா? இடம் இன்னும் துல்லியமாகக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. சில நேரம் கெடுக்கவும் செய்யும். அது எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வாஸ் அமெரிக்காவுடையது, விமானங்களுக்காக 2003-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு எக்னாஸ், ஜப்பானுக்கு எம்சாஸ், இந்தியாவுக்கு ககன். வேலை செய்யும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இருப்பிடம் மிகத் துல்லியமாகத் தெரிந்த தரை நிலையங்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் சொல்வதில் எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு, திருத்தத்தை ஒரு புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு, அதாவது பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோளுக்கு, ஏற்றுவார்கள். அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் திருத்தத்தைக் கீழே ஒலிபரப்பும். அதனால் தனி ஆன்டெனா இல்லாமலே கைக்கருவி அதைப் பிடித்துக்கொள்கிறது.

புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெரியும். தரை நிலையங்களோ அவ்வளவு தூரம் பரவியிருப்பதில்லை. வாஸுக்கு 38 நிலையங்கள். எல்லாம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ பக்கம்தான். சிக்னல் மட்டும் பெரு, சிலி வரைக்கும் போகும். தூரத்து ஊர் வானொலியின் வானிலை அறிக்கை இரைச்சலே இல்லாமல் கேட்கிறது என்பதற்காக, அங்கே சொன்ன மழை இங்கே பெய்துவிடாது இல்லையா?

அந்தத் திருத்தத்துக்குள் இரண்டு முக்கியமான சரக்கு இருக்கிறது. ஒன்று, செயற்கைக்கோளின் கடிகாரப் பிழையும் சுற்றுப்பாதைப் பிழையும். கடிகாரம் தப்பாக ஓடினால் அது எங்கிருந்து பார்த்தாலும் அதே தப்புதான். ஆகவே இந்தப் பகுதி எல்லை தாண்டியும் ஓரளவு பயன்படும், அதுவும் அந்தச் செயற்கைக்கோள் அவர்களுடைய நிலையங்களின் கண்ணில் பட்டால். சிலியின் தெற்கு வானத்தில் இருப்பது வட அமெரிக்க நிலையங்களுக்குத் தெரியாது. அதற்குத் திருத்தமும் வராது.

இரண்டாவது, அயனி மண்டலம். மேலே உள்ள மின்னூட்டத் துகள்கள் ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. சில மீட்டரில் தொடங்கி, காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பிற்பகலில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், பல பத்து மீட்டர் வரை போகும். இதைத் திருத்த, 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கட்டவலை இருப்பதாக வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி தாமதத்தை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகையில் 5 டிகிரிக்கு ஒரு புள்ளி. வலை முடிந்த இடத்தில் திருத்தமும் முடிந்தது. அதற்கு அப்பால் கருவி, ஜிபிஎஸ் தானே அனுப்பும் 'க்ளோபுச்சார் மாதிரி' என்ற தோராயக் கணக்கை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அது தாமதத்தில் சுமார் பாதியைத்தான் நீக்கும்.

ஒரு காலத்தில் முதல் சரக்குதான் பெரிது. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே கடிகாரத்தில் பிழை கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் தவறுவது சாதாரணம். அதை நிறுத்தியாயிற்று. இப்போது பெரிய பிழை அயனி மண்டலம்தான். அதாவது, எல்லை தாண்டி வரக்கூடிய பகுதி சின்னதாகிவிட்டது. வர முடியாத பகுதிதான் நமக்கு வேண்டியது.

வலையின் ஓரத்தில் நிற்பவர் கதை இன்னும் விசித்திரம். அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோளின் சிக்னல், அந்த 350 கிலோமீட்டர் உயரத்தைக் கடப்பது நம் தலைக்கு மேலே அல்ல. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆகவே ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்களுக்கு நல்ல திருத்தம் கிடைக்கும், மறுபக்கத்துக்கு அரைகுறைதான். எல்லாவற்றிலும் ஒரே அளவு தாமதம் மிச்சமிருந்தால், கருவி அதைத் தன் கடிகாரப் பிழையாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும், இடம் நகராது. பாதிக்குச் சரிசெய்து பாதியை விட்டால், அந்த வித்தியாசம் நேராக உங்கள் இருப்பிடத்தில் வந்து விழும். அரைத் திருத்தத்தைவிடத் திருத்தமே இல்லாதது தேவலை என்று ஆவது இப்படித்தான்.

விமானக் கருவிகளுக்கு இதிலெல்லாம் கறாரான விதிகள் உண்டு. கைக்கருவி தயாரிப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவரவர் வழியில் செய்துகொள்கிறார்கள்.

சரி, திரையில் செயற்கைக்கோள் பட்டைகளின் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்து விழுகிறதே, பிழை அளவும் 5 மீட்டரிலிருந்து 3 மீட்டராக இறங்குகிறதே என்பீர்கள். 'டி' வந்தால் ஏதோ ஒரு திருத்தம் சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். அந்த 3 மீட்டர், கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் மதிப்பீடு. திருத்தம் வந்துவிட்டது என்று நம்பிக் குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். சோதிக்க வேண்டுமானால், நில அளவையில் இடம் உறுதி செய்த ஒரு குறியீட்டுக் கல்லுக்குப் போங்கள். ஒரே மாதிரிக் கருவிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் வசதியைப் போட்டு, மற்றதில் அணைத்து, பல மணி நேரம் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஜிபிஎஸ் பிழை மெதுவாக ஊசலாடும்.

என்னைக் கேட்டால், வலைக்கு வெகு தூரம் போனதும் அதை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் பேட்டரியும் மிச்சம். மரமும் கட்டடமும் சிக்னலைத் திருப்பியடிப்பதால் வரும் பிழையை எந்தத் திருத்தமும் தொடாது. அதற்குத் திறந்த வானம்தான் வழி. புதுக் கருவி வாங்குவதாக இருந்தால் இரட்டை அலைவரிசை உள்ளதாகப் பாருங்கள். இரண்டு அலைவரிசைகளும் வெவ்வேறு அளவு தாமதமாகும். அந்த வித்தியாசத்தை வைத்தே கருவி அயனி மண்டலப் பிழையை எந்த ஊரிலும் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

இன்னொன்று, ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் சொந்த அமைப்பான கலிலியோ 2023 ஜனவரி முதல் இலவசமாகத் தரும் உயர்துல்லியச் சேவை. சாதாரணக் கைக்கருவிகள் அந்தச் சேவை வரும் அலைவரிசையைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். அதிலும் உலகத்துக்குக் கொடுப்பது சுற்றுப்பாதை, கடிகாரத் திருத்தங்களைத்தான். வளிமண்டலத் திருத்தத்தை ஐரோப்பாவுக்கு மட்டும் என்றே திட்டமிட்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.