எட்டாவது படிக்கிறான், எழுத்துல மட்டும் மாட்டுறான்: கோத்தகிரி அம்மாவோட கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோத்தகிரிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் எட்டாவது, தமிழ் மீடியம். வாயால கேட்டா பாடத்தை அழகா சொல்றான். எழுதச் சொன்னா அரைப் பக்கத்துல பதினஞ்சு பிழை. டிஸ்லெக்சியான்னு (வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுற கற்றல் குறைபாடு) சொல்லிட்டாங்க. தினம் ரெண்டு மணி நேரம் டியூஷன், பலன் இல்ல. வீட்ல படுக பாஷை பேசுறதாலயா? பத்தாவதுல என்ன பண்றது?

பாஷையை முதல்ல முடிச்சிடுவோம். வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு பேசுறதால டிஸ்லெக்சியா வராது. தமிழ் பழகாததுதான் காரணம்னா, படுகத்துல தெரிஞ்ச ஒரு சொல்லைச் சொல்லி "முதல் சத்தத்தை விட்டுட்டு சொல்லு"ன்னா பையன் டக்குனு சொல்லிடுவான். அங்கயும் திணறினா, சத்தத்தைப் பிரிச்சுக் கோக்குற இடத்துலதான் சிக்கல்னு சந்தேகப்படலாம். கண்ல இல்ல. கலர் கண்ணாடி, கண் பயிற்சின்னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

தமிழ்ல எங்க மாட்டும்னா, 'கொடி'யை எடுத்துக்குங்க. வாயில முதல்ல வர்றது 'க்'. எழுதும்போது முதல்ல கொம்பு, அப்புறம் க, கடைசியா கால். அந்தக் கால் விட்டுப்போனா 'கெடி', கொம்பு விட்டுப்போனா 'காடி'. உகரம் இன்னும் மோசம்: கு, சு, டு, து, நாலுக்கும் நாலு உருவம். ண, ன, ந குழப்பம் எல்லாருக்கும் உண்டு, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒரே சொல்லைப் பத்து வரி எழுத வைக்கிற இம்போசிஷன் ஏன் வேலை செய்யலைன்னு பாருங்க. இந்தப் பிள்ளைங்க சொல்லை எழுதல, உருவத்தைப் பார்த்து வரையுறாங்க. மூணாவது வரியில ஒரு கால் விட்டுப்போச்சுன்னா, மிச்ச ஏழு வரியும் அந்தத் தப்பைப் பார்த்துதான் எழுதுவாங்க. எட்டு தடவை தப்பைப் பழகிக்கிட்டாச்சு! டியூஷனும் பெரும்பாலும் இதேதான், அதனால ரெண்டு மணி நேரத்தை நிறுத்திடுங்க.

பதிலா, வாசிக்கக் கத்துக்கிறது வேற, பாடம் கத்துக்கிறது வேறன்னு பிரிச்சிடுங்க. வாசிப்புக்கு தினம் 20 நிமிஷம், வாரம் அஞ்சு நாள். ஒரு தட்டுல மெல்லிசா ரவையைப் பரப்புங்க. (நம்ம ஊர் ஈரத்துல மணல் கட்டியாயிடும், டீத்தூள் வேண்டாம், கறையாகும்.) ஒரு வாரத்துக்கு ஒரே குறி, உதாரணமா கொம்பும் காலும். சத்தத்தை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே விரலால எழுதணும்: கொ, தொ, பொ, மொ. அப்புறம் அந்தக் குறி வர்ற எட்டு சொல்லைச் சொல்லி எழுத வைங்க. பார்த்து எழுத விடாதீங்க. கடைசி அஞ்சு நிமிஷம் நூறு சொல் உள்ள ஒரு பத்தியை நீங்களும் பையனும் சேர்ந்து வாசிங்க. தடுக்கினா நாலு எண்ணுற நேரம் பொறுத்து, சொல்லை நீங்களே சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. அதே பத்தி மூணு நாள்.

பாடத்தைக் காதால கொடுங்க. வளைஞ்சு நெளிஞ்சு போற பஸ்ல புத்தகத்தைத் திறந்தா யாருக்கும் குமட்டும், கேக்கறது சிரமமில்ல. நீங்களோ அக்காவோ பாடத்தை போன்ல பேசிப் பதிவு பண்ணுங்க, ஒரு பதிவு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. பாடப்புத்தக பிடிஎஃப்பை போனையே வாசிக்க வைக்கலாமேன்னு தோணும். சில பிடிஎஃப்ல எழுத்து யூனிகோடுல (போனுக்குப் புரியுற பொது எழுத்துமுறை) இருக்காது, போன் உளறும். பக்கத்தை போட்டோ எடுத்து கூகுள் லென்ஸ்ல எழுத்தா மாத்துனா ஓரளவு சரியாகும்.

பத்தாவதுக்கு வருவோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்லியிருக்கிற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு. பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு கேக்கலாம். விலக்கு மட்டும் யோசிச்சு வாங்குங்க, மேல்படிப்புக்கு அந்தப் பாடம் தேவைப்படலாம். இதுக்கெல்லாம் மருத்துவச் சான்றிதழ் வேணும். யாரோ வாயால சொன்னது செல்லாது. கல்வித் துறையோட கோத்தகிரி வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்க, எங்க போகணும்னு வழி சொல்வாங்க. முதல்ல கண்ணு, காது பரிசோதனை, அப்புறம் நுண்ணறிவுச் சோதனை, வாசிப்பு எழுத்துச் சோதனை. ஒரே நாள்ல முடியாது. ஒன்பதாவதுலயே கையில இருக்கட்டும், ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல ஓடாதீங்க. தலைமையாசிரியர் மூலமாத்தான் விண்ணப்பம் போகும்.

சொல்லி எழுத வைக்கிறதும் ஒரு பழக்கம்தான், அதைப் பலர் மறந்துடறாங்க. கணக்குல "எக்ஸ் கூட்டல் மூணு பை ரெண்டு"ன்னு சொன்னா, மூணு மட்டும் ரெண்டால வகுபடுதா, முழுசுமான்னு எழுதறவருக்கு எப்படித் தெரியும்? "தொகுதியில எக்ஸ் கூட்டல் மூணு, பகுதியில ரெண்டு"ன்னு சொல்லணும். ஒன்பதாவது காலாண்டுல இருந்தே வாரம் ஒரு கேள்வித்தாள், பையன் சொல்ல வேற ஒருத்தர் எழுதட்டும். அந்த ஒருத்தர் நீங்களா இருக்க வேண்டாம்மா. பையன் பாதி சொல்லும்போதே உங்களுக்கு மீதி புரிஞ்சிடும்.