மரக்கறியைக் காப்பது உப்புப் போத்தலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கல்லடியில் இம்மாலை கூடியிருக்கும் தாய்மாரே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். வீட்டு மரக்கறி வீணாகாமல் காப்பதில் பெரிதும் துணைநிற்பது குளிர்சாதனப் பெட்டியா, உப்பிட்டுப் புளிக்க வைக்கும் முறையா என்பது இன்றைய தலைப்பு. புளிக்க வைக்கும் முறையே என வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், குளிர்சாதனப் பெட்டி வந்த பின்னரே நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் சந்தைக்கு ஓடும் பாட்டிலிருந்து விடுபட்டார்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் குளிர், அழுகலைத் தாமதிக்கச் செய்கிறதே தவிர நிறுத்துவதில்லை. நுவரெலியாவில் வெட்டிய கோவாவும் கரட்டும் தம்புள்ளையில் இறங்கி, மறுபடியும் லொறியேறி மட்டக்களப்புச் சந்தைக்கு வந்து சேரும்போதே வாடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினால், கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துபோகிறது. கிழமை கழிந்து பொலித்தீன் பைக்குள் நீர் கட்டி அழுகிய நிலையில் அதை வெளியே எடுக்கும்போது, வாங்கிய காசும் மின்கட்டணமும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

அதே கோவாவை உப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கிலோ கோவாவுக்கு 20 கிராம் உப்பு போதும். மெல்லியதாக அரிந்து, நாம் வறைக்குப் போடாமல் வெட்டி எறியும் நடுத்தண்டையும் சீவிச் சேர்த்து, உப்பிட்டுக் கையால் அழுத்திப் பிசைந்தால், சற்று நேரத்தில் கோவா தன் நீரைத் தானே விட்டுக் கையிடுக்கில் வழியும். அந்த நீரோடு கண்ணாடிப் போத்தலில் இறுக்கி அடைத்து, வெளி இலையொன்றை மடித்து மேலே வைத்து, துண்டுகள் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி பாரம் ஏற்ற வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஓரிரு நாளிலேயே குமிழிகள் எழும். காற்று வெளியேற மூடியைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். நாலைந்து நாளில் புளிப்பு ஏறிவிடும். கரட், முள்ளங்கி, போஞ்சி, பச்சை மிளகாய் என்று எதில் கைப்பிடி மிஞ்சினாலும் அந்தப் போத்தலில் இடமுண்டு.

இது கொரியர்களின் பழக்கம், நமக்கு ஒட்டாது என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கூறினார். கொரியக் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கிம்ச்சி என்னும் உப்பிட்டுப் புளிக்க வைத்த மரக்கறியைப் போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்பது உண்மை. ஆனால் உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மா இரவோடிரவாகப் பொங்குவதற்குக் காரணமான லியூக்கோநொஸ்டொக் என்னும் நுண்ணுயிரினமே, உப்பிட்ட கோவாவிலும் முதலில் வேலையைத் தொடங்குகிறது. அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தவர்களும், பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றி விடியலில் வெங்காயத்தோடு உண்டு வயலுக்குப் போன படுவான்கரை உழவர்களும், எருமைப் பாலைச் சட்டியில் உறைய வைத்து ஊர்ப் பெயரையே தயிருக்குப் புகழாக்கியவர்களும் நம்மவர்களே. மாவுக்கும் சோற்றுக்கும் பாலுக்கும் செய்ததை மரக்கறிக்கும் செய்யுங்கள் என்பதே எம் அணியின் வேண்டுகோள்.

கெட்டுப்போய் நஞ்சாகாதா என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உப்பு முதலில் தீய நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. பின்னர் உருவாகும் லக்ரிக் அமிலம், புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் அளவை 4.6இற்குக் கீழே இறக்கும்போது, மிகக் கொடிய பொட்டுலினம் நஞ்சைத் தரும் கிருமியும் வளர இயலாது. ஆகவே உப்பைக் கண்மதிப்பில் குறைப்பதும், துண்டுகளை நீருக்கு மேலே மிதக்க விடுவதும் ஆகாது. மேலே வெண்மையான மெல்லிய ஆடை படர்ந்தால் வழித்தெடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சணம் கண்டால் போத்தல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் சொன்ன அளவில் போட்ட கோவாவில் 50 கிராம் உண்டால் உட்செல்வது ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. மருத்துவர் உப்பைக் கட்டுப்படுத்தியவர்கள் அவர் சொற்படியே நடக்க வேண்டும். மற்றவர்கள் அந்த ஒரு கிராமைக் கறியில் குறைத்துக்கொள்ளலாம். சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப் புளிக்குப் பதிலாகப் போத்தலின் புளித்த நீரை இரண்டு கரண்டி விட்டால், தனியே உப்பும் அதிகம் தேவைப்படாது.

நடுவர் அவர்களே, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை இந்த மண்டபத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நம் குளிர்சாதனப் பெட்டிகள் வெறும் அலுமாரிகளாயின. மாரி வெள்ளத்தில் வீதி மூடப்பட்டு, மரக்கறி லொறி வராமல், மின்கம்பியும் அறுந்துகிடக்கும் நாட்கள் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. எரிவாயுவும் மின்சாரமும் கேட்காமல், அடுப்புத் திண்ணையின் நிழலில் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும் உணவு, அத்தகைய நாளில் ஒரு குடும்பத்தின் சோற்றுக்குத் துணை. ஏழை வீட்டுக்கு இது இன்னும் பெரிய செய்தி: போத்தலும் உப்பும் வாங்கத் தவணைக் கடன் எடுக்க வேண்டியதில்லை.

மீனுக்கும் இறைச்சிக்கும் குளிர் வேண்டும் என்று எதிரணி இனிச் சொல்லக்கூடும். அதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்கள் தந்த தலைப்பு மரக்கறியைப் பற்றியது; தீர்ப்பும் அதை வைத்தே அமைய வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.