ஜே. பி. மார்கன்: ஒரு தனிமனிதரின் சொல்லை நம்பியிருந்த நாடு

அவைத்தலைவர் அவர்களே, ஆன்றோர்களே,

ஜான் பியர்பான்ட் மார்கன் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியாளரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய செல்வத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் சொந்தச் செல்வத்தை அளவுகோலாகக் கொண்டால், அவர் காலத்து எண்ணெய்த் தொழிலதிபர் ராக்பெல்லரும் எஃகுத் தொழிலதிபர் கார்னகியும் அவரைவிட மிக உயரத்தில் இருந்தவர்கள். பிறர் கையிலிருந்த பணம் மார்கனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது. அவருடைய வலிமை முழுவதும் அதிலேயே இருந்தது என்பது என் கருத்து.

அவர் 1837ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். லண்டனில் வங்கித் தொழில் நடத்திய தந்தை ஜூனியஸ், மகனை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் வரை அனுப்பிப் படிக்கவைத்தார். 1857இல் மகன் நியூயார்க்கில் தொழிலில் நுழைந்தார். உள்நாட்டுப் போரின்போது, தமக்குப் பதிலாக வேறொருவரைப் படைக்கு அனுப்ப 300 டாலர் கொடுத்தார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது உண்மையே. எனினும் வசதி படைத்தோருக்கு மட்டுமே திறந்திருந்த அந்த வழியை அவர் பெருமைகளோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய தொழில் என்ன என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். அமெரிக்காவில் இருப்புப்பாதைகள் போட முதல் தேவைப்பட்டது. பிரிட்டனில் சேமிப்பு குவிந்து கிடந்தது. கடல் கடந்த ஒரு கம்பெனியின் பங்கை லண்டன்காரர் எதை நம்பி வாங்குவார்? அதை விற்பவரின் பெயரை நம்பித்தான். 1879இல் வில்லியம் வாண்டர்பில்ட் வைத்திருந்த நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் இரண்டரை லட்சம் பங்குகளை, சந்தையில் விலை சரியாதபடி, மார்கன் லண்டனில் விற்றுக் கொடுத்தார். அதோடு நின்றுவிடாமல், வாங்கியவர்களின் நலனைக் காக்க அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் அமர்ந்தார். நொடித்துப்போன பல ரயில்வேக்களை அவர் சீரமைத்ததும் இதே முறையில்தான்: கடன் சுமையைக் குறைப்பார், நிர்வாகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவருவார். 1901இல் கார்னகியின் எஃகு ஆலைகளை 48 கோடி டாலருக்கு வாங்கி, மற்ற ஆலைகளையும் இணைத்து, 140 கோடி டாலர் மூலதனத்தில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை உருவாக்கினார்.

அமெரிக்காவின் இரண்டாம் தேசிய வங்கியின் கூட்டாட்சி உரிமம் 1836இல் முடிந்த பிறகு, நெருக்கடியில் கைகொடுக்க அந்நாட்டில் மைய வங்கி என்று ஒன்று இல்லை. 1895இல் அரசுக் கருவூலத்தின் தங்க இருப்பு வற்றியபோது, குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து மார்கனோடு பேசி, அவர் திரட்டிய குழுவிடமிருந்து 35 லட்சம் அவுன்ஸ் தங்கம் பெற வேண்டியதாயிற்று.

1907ஆம் ஆண்டு இதைவிடக் கடுமையானது. அக்டோபர் 22 அன்று, வங்கியைப் போலவே டெபாசிட் வாங்கிக் கடன் கொடுத்த டிரஸ்ட் கம்பெனிகளில் ஒன்றான நிக்கர்பாக்கர் கதவடைத்தது. பிற டிரஸ்ட் கம்பெனிகளின் வாசல்களில் டெபாசிட் போட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு நாள் கழித்துப் பங்குச் சந்தையே மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயது மார்கன் வங்கித் தலைவர்களை அழைத்து, சில நிமிடங்களில் இரண்டு கோடி டாலருக்கு மேல் திரட்டினார். நவம்பர் 2ஆம் தேதி இரவு அவர்களையும் டிரஸ்ட் கம்பெனித் தலைவர்களையும் தம் நூலகக் கட்டடத்தில் கூட்டினார். வெளிக்கதவைப் பூட்டச் செய்தார். டிரஸ்ட் கம்பெனிகள் தம்முள் இரண்டரைக் கோடி டாலர் திரட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபோது விடியும் நேரமாகிவிட்டது. அதே சமயத்தில் டென்னசி கோல் அண்ட் அயர்ன் கம்பெனி, மார்கனே உருவாக்கிய யு.எஸ். ஸ்டீலின் கைக்குப் போனது. அரசு தடுக்காது என்ற உறுதியைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடம் முன்கூட்டியே பெற்றிருந்தார்கள். நாட்டைக் காத்த கையே ஆதாயத்தையும் பெற்றது. அவருடைய துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் ஒரு நாடு தன் பாதுகாப்பை அப்படி ஒருவரிடம் ஒப்படைத்திருந்தது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

அமெரிக்க மக்களும் அப்படித்தான் எண்ணத் தொடங்கினார்கள். 1912 டிசம்பரில் நிதி அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்ததை ஆராய்ந்த நாடாளுமன்றத்தின் பூஜோ குழு அவரை விசாரித்தது. கடன் கொடுப்பதற்கு அடிப்படை பணமும் சொத்தும்தானே என்று குழுவின் வழக்கறிஞர் அன்டர்மயர் கேட்டார். இல்லை, முதலாவது மனிதரின் நடத்தை என்றார் மார்கன். தாம் நம்பாத ஒருவர் உலகத்துப் பத்திரங்களையெல்லாம் கொண்டுவந்து வைத்தாலும் தம்மிடம் பணம் பெற முடியாது என்றார். அவர் மனமறிந்து சொன்ன விடை அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்பத்தக்கவர் யார் என்று முடிவு செய்யும் அதிகாரம் எவ்வளவு சிலரிடம் இருந்தது என்பதை அந்தக் குழுவின் அறிக்கை காட்டியது: அவரும் அவரைச் சார்ந்த சில வங்கிகளும் 112 நிறுவனங்களில் 341 இயக்குநர் இடங்களை வைத்திருந்தனர்.

1913 மார்ச் 31 அன்று ரோம் நகரில் மார்கன் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கு நாளில் நியூயார்க் பங்குச் சந்தை நண்பகல் வரை திறக்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் வில்சன், மைய வங்கி அமைப்பை உருவாக்கிய ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் கையெழுத்திட்டார். நெருக்கடிக் காலத்தில் வங்கிகளுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு, அதன்பின் சட்டத்தால் அமைந்த ஒரு நிறுவனத்திடம் சென்றது.