ஆதாரம் கேட்காத காதலன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஷேக்ஸ்பியரின் மேடையில் காதலை ஆழமாகக் காட்டியது துன்பியல் நாடகமா, இன்பியல் நாடகமா? இன்பியல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ரோமியோ ஜூலியட்டைச் சொல்லி அவையைக் கலங்க வைத்தார். நானும் கலங்கினேன். ஆனால் அவர்கள் சந்தித்து, மணந்து, சாவதெல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிகிறது. அந்தக் காதல் நாள்பட எப்படி நிற்கும் என்று பார்க்க நாடகம் இடமே தரவில்லை.

1600-இல் அச்சேறிய 'மச் அடோ அபௌட் நத்திங்' என்ற இன்பியல் நாடகத்துக்கு வாருங்கள். திருமணம் நடக்கவேண்டிய தேவாலயத்திலேயே, ஹீரோ என்ற பெயர்கொண்ட மணப்பெண்ணை, முந்தைய இரவு வேறொருவனோடு இருந்த ஒழுக்கம் கெட்டவள் என்று உதறுகிறான் மணமகன் கிளாடியோ. எல்லாம் டான் ஜான் என்ற வில்லனின் சதி. பெற்ற அப்பாவே மகளை நம்பவில்லை. கொஞ்சமும் தயங்காமல் நம்பியவள், உறவுக்காரி பியாட்ரிஸ். ஒரு வருடமாக ஹீரோவுக்குத் துணையாக அவள் பக்கத்திலேயே தூங்கியவள், பழி வந்த அந்த இரவு மட்டும் கூட இல்லை. அதனால் அவளால் சாட்சி சொல்லவும் முடியாது.

அந்த நேரத்தில்தான், அதுவரை பியாட்ரிஸோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த பெனடிக் அவளிடம் காதலைச் சொல்கிறான். உனக்காக என்ன செய்யட்டும் என்கிறான். "கிளாடியோவைக் கொல்" என்கிறாள். கிளாடியோ அவனோடு போருக்குப் போய்வந்த நண்பன்! முதலில் மறுக்கிறான். அவள் கொதிக்கிறாள், நான் ஆணாக இருந்திருந்தால் என்று பொருமுகிறாள். அப்புறம் அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான்: ஹீரோவுக்குக் கிளாடியோ அநியாயம் செய்தான் என்று உன் ஆன்மா சொல்கிறதா? ஆம் என்கிறாள். போதும் என்று நண்பனைச் சண்டைக்கு அழைக்கக் கிளம்பிவிடுகிறான்.

சில வருடம் கழித்து, 1604-இல் அரசவையில் நடந்தது 'ஒத்தெல்லோ' என்ற துன்பியல். இங்கே மனைவி டெஸ்டிமோனா மீது அதே அவதூறு. ஆனால் ஒத்தெல்லோ, அவதூறு சொன்ன இயாகோவிடம் கண்ணால் காணும் ஆதாரம் கேட்கிறான், ஒரு கைக்குட்டையை நம்புகிறான். டெஸ்டிமோனா கெஞ்சிச் சொன்னதை நம்பாமல் கொன்றுவிடுகிறான். இதையா காதலின் உச்சம் என்கிறீர்கள்?

கிளாடியோவுக்கே ஹீரோ கடைசியில் வாழ்க்கைப்படுவது எனக்கும் உறுத்தல்தான். அவ்வளவு சுலபமாக அவனை மன்னித்திருக்கக் கூடாது. என் வாதம் பெனடிக்குக்காக.

இன்பியலில் காதல் வெறும் விளையாட்டு என்றீர்கள். கடைசிக் காட்சியில் பெனடிக்கும் பியாட்ரிஸும் எல்லோர் முன்னாலும் காதலே இல்லை என்று சாதிக்க, அவரவர் ஒளித்து எழுதிய கவிதைகளைக் கிளாடியோவும் ஹீரோவும் எடுத்து நீட்டுகிறார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அவளுடைய ஒரு சொல்லுக்காக வாளெடுக்கத் துணிந்தவன் இவன் என்பது தெரிந்துதான் சிரிக்கிறார்கள்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி.