தெரியாது என்று சொல்லும் கருவி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே,

இந்த அரங்கிற்குக் கைப்பேசியில் வழி பார்த்து வந்தவர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் கடிகாரங்களை விசாரித்த பிறகுதான், நீங்கள் நிற்பது கீழமாசி வீதியா தெற்குமாசி வீதியா என்று அந்தக் கருவி முடிவு செய்கிறது. அந்தக் கடிகாரங்கள் செயற்கைக்கோளோடு சேர்ந்து வேகமாகப் பறப்பதால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி (வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) பிந்துகின்றன. புவியீர்ப்பு அங்கே குறைவு என்பதால் 45 மைக்ரோ வினாடி முந்துகின்றன. கழித்தால் 38 மிஞ்சும். ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போய்விடுமாகையால், இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை பதினொரு கிலோமீட்டரைத் தாண்டி, மீனாட்சியம்மன் கோயிலில் நிற்பவரைத் திருப்பரங்குன்றத்துக்கும் அப்பால் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை ஐன்ஸ்டைன் 1905இலும் 1915இலும் தந்த கோட்பாடுகள். ஆயினும் 1977இல் என்டிஎஸ்-2 என்னும் சோதனைச் செயற்கைக்கோளை அமெரிக்கர்கள் ஏவியபோது, இந்தத் திருத்தம் உண்மையிலேயே வேண்டுமா என்று அவர்களில் சிலருக்கு ஐயம் இருந்தது. எனவே திருத்தும் பொறியை உள்ளே பொருத்தி, அதை இயக்காமலே மேலே அனுப்பினார்கள். சுமார் இருபது நாள் கடிகாரத்தை அதன் போக்கில் ஓடவிட்டு அளந்தபோது, கோட்பாடு சொன்னதற்கும் கடிகாரம் காட்டியதற்கும் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. ஐன்ஸ்டைனையே நம்பாத அறிவாளிகள் என்று இதைக் கேலியாகச் சொல்வதுண்டு. எனக்கு அவர்கள்மீது மரியாதைதான் வருகிறது. தமக்குத் தெரியாததை, போடவும் அணைக்கவும் ஆகும் ஒரு விசையாகச் செய்து விண்ணுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

அந்தக் குணம் கைப்பேசிக்கும் வந்திருக்கிறது. வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று தெரியுமே, அதன் பொருள் ‘இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள், துல்லியமாகச் சொல்ல என்னால் இயலவில்லை’ என்பதுதான். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளுக்குள் நுழைந்தால், சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், வட்டம் இன்னும் விரியும். நாமோ வட்டத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியை மட்டும் பார்க்கிறோம்.

மதுரையில் வழி கேட்டு ‘தெரியாது’ என்ற பதிலைப் பெற்றவர் உங்களில் உண்டா? ‘நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கண்ணே’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். இது பொய்யல்ல, கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்ற விருந்தோம்பல். (தேர் மாசி வீதியில் வரும் நாளில் மட்டும் கைப்பேசியை நம்பாமல் டீக்கடைக்காரரைக் கேளுங்கள்; தேர் எந்த முக்கில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.)

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள், செயற்கைக்கோள்களின் கடிகாரத்தைப் பார்த்துப் படித்தவையல்ல; மனிதர் எழுதிவைத்ததைப் படித்து வளர்ந்தவை. தெரியாதவர்கள் பெரும்பாலும் எழுதாமல் இருந்துவிடுவதால், தெரியாது என்ற வாக்கியம் அந்தப் பாடத்தில் அரிது. போதாக்குறைக்கு, அவற்றைச் சோதிக்கும் தேர்வுகளில் பல, சரியான விடைக்கு மதிப்பெண் தருகின்றன. தவறான விடைக்கும் ‘தெரியாது’ என்பதற்கும் ஒரே பூச்சியம். அப்படியானால் ஊகித்துவிடுவதே புத்திசாலித்தனம். நம் பிள்ளைகளும் பள்ளித் தேர்வில் அதைத்தான் செய்கிறார்கள். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால், அங்கே மட்டும் தெரியாத கேள்வியைத் தொடாமல் விட்டுவரும் துணிவு அவர்களுக்கு வருகிறது. இயந்திரங்களுக்கும் அப்படிக் குறைக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கும் அந்த விதியை நீட்டித்துவிடுவார்களோ என்று அஞ்சி, நான் இத்துடன் அமர்கிறேன். வணக்கம்.