ஜெயிக்கிற குதிரையை யார் கண்டது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்குத் தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் யாரைப் பார்க்க வேண்டும், ஜெயிக்கக்கூடியவரையா, மனத்துக்குப் பிடித்தவரையா என்பது தலைப்பு. "ஜெயிக்கிற குதிரையின் மேல் கட்டுங்கள்" என்று முழங்கிவிட்டு எதிரணித் தலைவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நிதானமாகக் குடிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பந்தயம் தொடங்கும் முன்பே அந்தக் குதிரை எது என்று அவருக்குச் சொன்னது யார்?

2004ஆம் ஆண்டுக்கு வாருங்கள். இராக் போரை எதிர்த்துக் குரல் கொடுத்த ஹோவர்ட் டீன் பின்னால் ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் திரண்டு நின்றார்கள். ஆனால் வாக்களிக்கும் நேரம் வந்ததும் ஒரு கணக்குப் போட்டார்கள். எதிரே நிற்பவர் போர்க்கால அதிபர் புஷ். அவரை வீழ்த்தப் போர்வீரர் ஒருவர் வேண்டும். ஜான் கெர்ரி வியட்நாமில் வெள்ளி நட்சத்திர விருது வாங்கியவர், காயம்பட்டு மூன்று பதக்கங்கள் பெற்றவர். பிறகென்ன? "டீனைக் காதலித்தோம், கெர்ரியை மணந்தோம்" என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். பாஸ்டன் மாநாட்டு மேடையில் கெர்ரி சல்யூட் அடித்து, பணிக்கு ஆஜர் என்றபோது அரங்கம் அதிர்ந்தது. அது ஜூலை. ஆகஸ்டில் சில முன்னாள் கடற்படை வீரர்கள் தொலைக்காட்சி விளம்பரங்களில் வந்து, அந்தப் பதக்கங்களே பொய் என்றார்கள். எதை நம்பி அவரை நிறுத்தினார்களோ, அதிலேயே அடி விழுந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! ஒஹாயோ மாநிலத்தைச் சுமார் 1,18,000 வாக்குகளில் இழந்தார். அதோடு வெள்ளை மாளிகையும் போயிற்று.

டீன் நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா? எனக்குத் தெரியாது. எதிரணிக்கும் தெரியாது. ஆனால் தெரியும் என்று சொல்பவர்கள் அவர்கள்தான், நான் இல்லை.

எதிரணி நண்பர் 1972ஐ எடுத்து வீசினார். ஜனநாயகக் கட்சி மனத்துக்குப் பிடித்த மெக்கவர்னை நிறுத்தி, மாசசூசெட்ஸ் என்ற ஒரே மாநிலத்தையும் தலைநகரையும் மட்டுமே வாங்கிய கதை. உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு ஜெயிக்கக்கூடியவர் என்று எல்லோரும் கை காட்டியவர் எட்மண்ட் மஸ்கி. தன் மனைவியைப் பற்றி எழுதிய நாளேட்டின் வாசலில், கொட்டும் பனியில் நின்று கொதித்துப் பேசினார். கன்னத்தில் வழிந்தது கண்ணீரா, உருகிய பனியா என்று நாடு முழுவதும் பட்டிமன்றம் நடந்தது. அந்தக் குதிரை எதிர்க்கட்சியின் முகத்தைப் பார்க்கும் முன்பே படுத்துவிட்டது.

1980இல் குடியரசுக் கட்சியின் ரீகனைக் கிழவர் என்றார்கள், தீவிரப் போக்குள்ளவர் என்றார்கள். அவரே எதிரில் வந்தால் நல்லது என்று அப்போதைய அதிபர் கார்ட்டரின் ஆட்கள் பலர் நினைத்தார்கள். வந்தார், 44 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். 2016இல் ட்ரம்ப் தேறவே மாட்டார் என்று அவருடைய கட்சிப் பெரியவர்களே சொன்னதை இந்த அவை மறந்திருக்காது.

2008ஐப் பாருங்கள், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலர் தொடக்கத்தில் ஹிலாரி பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையர் அவருக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்ற எண்ணம். வெள்ளையர் நிறைந்த ஐயோவா ஜனவரி 3 அன்று அவரை ஜெயிக்க வைத்ததும் அந்த எண்ணம் கரைந்தது. ஆக, வெற்றி வாய்ப்பு என்பது வேட்பாளரின் நெற்றியில் எழுதி வருவதில்லை. யாரோ சிலர் துணிந்து வாக்களித்த பிறகு முளைப்பது.

பைடன் என்பீர்கள். 2020இல் கணக்குப் பலித்தது, ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவில் பலித்தது? அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 43,000 வாக்குகளுக்கும் குறைவு. அவை மாறியிருந்தால், அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகள் 269க்கு 269 என்று சமனாகியிருக்கும். இந்த நூலிழையை முன்கூட்டியே கண்டவர் இருந்தால், ஐயா, எனக்கு லாட்டரி எண் சொல்லுங்கள்!

அதே ஆண்டு பிப்ரவரி 3, ஐயோவாவில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடம். காக்கஸ் என்ற வாக்காளர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அப்போது அங்கே சீட்டுப் போடுவதற்கு முன்னால் கால்தான் பேசியது. பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. என் பக்கத்து வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை. கைப்பையில் எலிசபெத் வாரன் ஸ்டிக்கர், நின்றதோ பைடன் மூலையில். கேட்டேன். "எனக்கு வாரன்தான். மற்றவர்கள் ஒரு பெண்ணுக்குப் போட மாட்டார்களே" என்றார். எண்ணிப் பார்த்தால் பைடன் மூலையில், வந்தவர்களில் தேவையான 15 சதவீதம் பேர் தேறவில்லை. கலைந்து வேறு மூலைக்குப் போகலாம் என்றார்கள். அம்மையார் பூட்டிஜஜ் என்ற வேட்பாளரின் பக்கம் நடந்தார். ஏன் என்றதற்கு, "அங்கேதான் ஆள் அதிகம்" என்றார்.

வெளியே வந்து காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "வாரன் மூலையில் அத்தனை பேர் நின்றதைக் கவனித்தீர்களா? நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்தேன்."

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்த அம்மையாருக்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். வணக்கம்.