புறக்கோட்டைக்கு ஒரு நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். நகரத்தின் பொருளாதார மேம்பாட்டுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, அதில் சம்பளமில்லாமல் சேவை செய்யப் பொதுமக்களை நியமிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில், கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் சிறிய நகரங்களில் இது பழகிப்போன நடைமுறை. நகர சபை பகிரங்கமாக விண்ணப்பம் கோரும். கடைக்காரர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலரும் மனுப் போடுவார்கள். பல ஊர்களில் மேயர் பெயரை முன்மொழிய, சபை உறுதிசெய்யும். எல்லோருடைய பதவித் தவணையும் ஒரே நாளில் முடியாதபடி முன்பின்னாக வைப்பார்கள். குழுவின் வேலை பரிந்துரை சொல்வது, தீர்மானிப்பது சபைதான்.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது அந்நியமில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது.

கொழும்பு மாநகர சபையில்தான் 117 உறுப்பினர்கள் இருக்கிறார்களே, இன்னொரு குழு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கெய்சர் வீதிக்குக் காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள். லொறியிலிருந்து துணிப் பொதி இறங்குகிறது. முதுகில் பொதியோடு வருகிற நாட்டாமைத் தொழிலாளிக்கு வழிவிட, கைவண்டிக்காரர் சில்லை ஒடித்துத் திருப்புகிறார். கடைவாசலில் பில் புத்தகத்தோடு முதலாளி. இந்த முதலாளியின் வீடு வத்தளையில் இருக்கலாம், தெஹிவளையில் இருக்கலாம். கல்லாவில் நிற்கும் பையன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெருநாள் வந்தால் ஊருக்குப் போய்விடுவான். இவர்களில் எத்தனை பேருக்குக் கொழும்பில் வாக்கு இருக்கிறது? வியாபார அனுமதிப்பத்திரத்துக்குக் காசு கட்டுவது இங்கே, வாக்குப் போடுவது வேறெங்கோ. தேர்தல் வழியாக இவர்களுடைய பாடு நகர மண்டபத்துக்குள் போவதற்கு வழி குறைவு.

அதனால்தான் சொல்கிறேன், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உள்ள ‘நகரவாசியாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை நாம் அப்படியே எடுக்கக் கூடாது. வாக்காளர் இடாப்பைப் பார்த்து ஆள் எடுத்தால் புறக்கோட்டையின் பாதி வெளியே நிற்கும். நகரத்தில் உழைக்கிறவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டும்.

புறக்கோட்டையில் இருந்த மரக்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். பேலியகொடை மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. நெரிசல் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் மரக்கறி மூட்டையை நம்பியிருந்த தேநீர்க் கடையும் சாக்கு வியாபாரமும் என்னவாகும் என்று, அந்தக் கடைக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

அடுத்தது இந்தச் ‘சம்பளமில்லை’ என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிழமை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? சாரதி வைத்த கம்பெனி மனேஜர் வருவார், பென்ஷன் எடுத்தவர் வருவார். அவர்களும் வேண்டியவர்கள்தான். ஆனால் நாட்டாமைத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். மாலை ஆறரைக்குக் கூட்டம் வையுங்கள். நாட்கூலிக்காரருக்கு இழந்த கூலியையும் பஸ் காசையும் கொடுங்கள். அதைச் சம்பளம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிசம்பரிலும் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களிலும் கூட்டமே வேண்டாம், வியாபாரி ஒருவரும் அசையமாட்டார்.

கூட்டத் தாள்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் கைக்கு வர வேண்டும். இரண்டும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ‘தமிழ்ப் பிரதி பிறகு வரும்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நியமனத்தில் கட்சி புகாதா என்றால், புகும். அதை முழுதாகத் தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. விண்ணப்பித்தவர் யார், எடுபட்டவர் யார், ஏன் என்பதை அறிவித்தல் பலகையில் போட்டால் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். போடாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது, மனு எழுதிக் கேளுங்கள். தன் கடை இருக்கும் தெருவின் வாகனத் தரிப்பிடம் பற்றிப் பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் தேதித் தேர்தல் வரை இந்த நகரத்தை மாநகர ஆணையாளர் என்ற அதிகாரிதான் நடத்தினார். தவணை முன்பின்னாக அமைந்த ஒரு குழு அப்போது இருந்திருந்தால், பேசுவதற்காவது ஓர் இடம் இருந்திருக்கும்.

அப்படியொரு விண்ணப்பப் படிவம் எப்போதாவது வெளியானால், வர்த்தக சங்கங்களுக்கு அனுப்புவதோடு நிறுத்திவிட வேண்டாம். பஸ் நிலையத்திலும் ஐந்துலாம்புச் சந்தியிலும் ஒட்டுங்கள். நாட்டாமைத் தொழிலாளர் தேநீர் குடிக்கும் கடைகளில் ஒரு கட்டுக் கொடுத்துவையுங்கள். வணக்கம்.